வீட்டில் ஒரு தேனீப் பெட்டி: முதன்முதலாக வாங்குபவர்கள் அறிய வேண்டியவை

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படி இறங்கும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி மார்க்கச் சட்டம் பற்றியவை. மீதியில் அடிக்கடி வருவது, "ஹஜ்ரத், அசல் தேன் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். தேனும் கருஞ்சீரகமும் ஆலிம்களிடம் கட்டாயம் இருக்கும் என்று நம் மக்களுக்கு ஓர் எண்ணம். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்கும் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து, மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறியதாக அறிவித்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. சில ஆண்டுகளாக நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: கொஞ்சம் இடமும் நிறையப் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே ஒரு பெட்டி வையுங்கள்.

நான் இருப்பது குமரி மாவட்டத்தில். தேனீ வளர்ப்பில் தமிழகத்துக்கே முன்னோடியான மார்த்தாண்டம் பகுதி எங்களுக்குப் பக்கம். ஆகவே கீழே எழுதுவதில் பெரும்பகுதி இங்குள்ள வளர்ப்பவர்களிடம் கற்றது. மிச்சம் நானே தவறு செய்து கற்றது.

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்துக்குத் தேனீயின் பெயரே (அந்நஹ்ல்) வைக்கப்பட்டிருப்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் 68ஆம் வசனம் தேனீயின் வசிப்பிடங்களாக மூன்றைச் சொல்கிறது: மலைகள், மரங்கள், மனிதர்கள் கட்டுபவை. பெட்டி வாங்கப் போகிறவர் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் தேனீ வகைகள் தாமாகப் புரிந்துவிடும். இடையில் ஒரு வார்த்தை: இந்த வசனங்களில் தேனீயிடம் பேசும் வினைகள் பெண்பாலில் வருவதை எடுத்துக்காட்டி, "வேலைக்காரத் தேனீக்கள் பெண்கள் என்பதை அன்றே சொல்லிவிட்டது" என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. நஹ்ல் என்ற சொல் அரபு இலக்கணத்தில் ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் வரக்கூடியது. இலக்கணத்தை இவ்வளவு சுமக்க வைக்காமலே அந்த வசனம் சிந்திக்கப் போதுமானது.

எந்தத் தேனீ?

பெட்டிக்கு முன் தேனீயைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மலைத்தேனீ உயர்ந்த பாறையிலும் பெரிய மரக்கிளையிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒரே பெரிய அடை கட்டும். அதைப் பெட்டிக்குள் வளர்க்க முடியாது. கோபம் வந்தால் துரத்தித் துரத்திக் கொட்டும். கொம்புத்தேனீ புதர்க் கிளையில் சிறிய ஒற்றை அடை கட்டும்; அதுவும் பெட்டிக்கு ஒத்துவராது. இவை இரண்டும் திறந்த வெளியில் கட்டுபவை. பொந்துக்குள், இருட்டில், அடுக்கடுக்காகப் பல அடைகள் கட்டும் தேனீக்களை மட்டுமே பெட்டியில் வைக்க முடியும். நமக்குக் கிடைப்பவற்றில் அப்படிப்பட்டவை இரண்டு: நம் நாட்டு இந்தியத் தேனீ (அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள்), வெளியிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ. மூன்றாவதாகக் கொடுக்கே இல்லாத கொசுத்தேனீ. சிறுதேன் தருவது அதுதான்.

இத்தாலியத் தேனீ ஒரு பெட்டிக்கு 25 கிலோவுக்கு மேலும் தரும் என்று கேட்டதும் பலருக்கு ஆசை வந்துவிடும். ஆனால் அந்த மகசூலுக்குப் பூ இருக்கும் இடம் தேடி லாரியில் பெட்டிகளைக் கொண்டு போக வேண்டும். ஒரே இடத்தில் வைத்துவிட்டு, பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு ஊற்றி மாளாது. அது தொழிலாகச் செய்கிறவர்களுக்கானது. வீட்டுக்கு இந்தியத் தேனீ போதும். வருடத்துக்கு ஆறு முதல் எட்டு கிலோ கிடைத்தால் நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

நெருக்கமான தெரு, மொட்டை மாடி மட்டுமே இடம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் என்றால் கொசுத்தேனீயிலிருந்து தொடங்குங்கள். சிறிய மரப்பெட்டி, மண் கலயம், மூங்கில் குழாய் எதிலும் இருக்கும். கொட்டாது. தேன் சில நூறு கிராம்தான் வரும், லேசான புளிப்போடு. ஆனால் விலை மதிப்பு அதிகம்.

எந்தப் பெட்டி?

பழைய காலத்தில் பந்தம் கொளுத்தித் தேனீயை விரட்டி, அடையை அறுத்து, புழுவும் முட்டையுமாகச் சேர்த்துப் பிழிந்தார்கள். எறும்பு, தேனீ, ஹுத்ஹுத் பறவை, ஸுரத் பறவை ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் வரும் ஹதீஸைப் படித்த நமக்கு அந்த முறை உறுத்த வேண்டும். அந்த உறுத்தலைப் போக்கிய கண்டுபிடிப்பு அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் என்பவருடையது. 1851இல் அவர் கவனித்தது மிகச் சிறிய விஷயம்: அடைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஒரு தேனீ நடந்து போகுமளவு இடைவெளி மட்டும் விட்டால், தேனீக்கள் அதை மெழுகாலோ பிசினாலோ அடைப்பதில்லை. எனவே சட்டங்களைத் தனித்தனியே தூக்கிப் பார்க்கலாம், தேனை மட்டும் எடுத்துவிட்டு அடையைத் திருப்பி வைக்கலாம். உலகில் இன்று புழங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கவனிப்பில்தான் நிற்கின்றன.

அவர் செய்தது ஐரோப்பியத் தேனீக்கு. நம் தேனீ உடலில் சிறியது, குடும்பமும் சிறியது. அதற்கேற்பப் பெட்டியைச் சுருக்கி அமைத்தவர் தென்னிந்தியாவில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்கு இதில் பயிற்சி கொடுத்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏவின் ஸ்பென்சர் ஹாட்ச் அதைக் குடிசைத் தொழிலாக வளர்த்தார். இன்று எங்கள் பகுதி வீடுகளில் நீங்கள் பார்ப்பது நியூட்டன் பெட்டி அல்லது அதன் வழி வந்த பெட்டிகள்தான்.

அதன் அமைப்பு எளிது. கால் வைத்த ஸ்டாண்டு, அதன்மேல் அடிப்பலகை, அதன்மேல் ஏழு சட்டங்கள் உள்ள புழு அறை, அதன்மேல் உயரம் குறைந்த சட்டங்கள் கொண்ட தேன் அறை, கடைசியாகக் கூரை. ராணி முட்டையிடுவது கீழே. தேன் சேருவது மேலே. நாம் எடுப்பது மேலறையிலிருந்து மட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானது அளவு. உங்கள் ஊரிலுள்ள மற்ற வளர்ப்பவர்கள் எந்த அளவுச் சட்டம் வைத்திருக்கிறார்களோ அதே அளவு வாங்குங்கள். உங்கள் குடும்பம் பலவீனமானால் பக்கத்து ஊர்க்காரர் ஒரு புழுச் சட்டம் கொடுத்து உதவ முடியும்; அளவு மாறினால் அந்த உதவி பயன்படாது. தச்சரிடம் சொல்லிச் செய்வதாக இருந்தால் ஒரு மாதிரிப் பெட்டியைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். வாய்மொழி அளவு வேண்டாம். தேனீயின் நடை இடைவெளி ஏழெட்டு மில்லிமீட்டர். அதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறினாலும் சட்டங்களைச் சுவரோடு ஒட்டிவிடும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மரம் ஆஞ்சிலி, புன்னை, தேக்கு எதுவானாலும் நன்கு காய்ந்ததாக, வாசனை இல்லாததாக இருக்கட்டும். வெளிப்பக்கம் வெளிர் நிறப் பெயிண்ட் அடிக்கலாம். உள்ளே எதுவும் அடிக்கக் கூடாது.

குழாயைத் திருப்பினால் தேன் கொட்டும் 'ஃபுளோ ஹைவ்' பெட்டியை வீடியோவில் பார்த்துவிட்டு வளைகுடாவிலிருந்து கேட்கிற தம்பிகள் இருக்கிறார்கள். 2015இல் ஆஸ்திரேலியத் தந்தையும் மகனும் கொண்டு வந்தது அது. ஐரோப்பியத் தேனீயின் அடை அளவுக்குச் செய்யப்பட்டது. நம் தேனீக்கு ஆகாது. அந்தப் பணத்தில் இங்கே பல பெட்டிகள் வாங்கலாம்.

இன்னொன்று, முடிந்தால் ஒன்றல்ல, இரண்டு பெட்டிகளாகத் தொடங்குங்கள். ஒன்றில் ராணி இறந்துவிட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைத்தால் அவை தாமே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாள்தான். ஒரே பெட்டி வைத்திருப்பவருக்கு இந்த வழி இல்லை. மேலும் இரண்டு இருந்தால்தான் எது நன்றாக இருக்கிறது, எது நலிகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும்.

மற்ற சாமான்கள் குறைவுதான்: முகவலை, புகையூட்டி, சட்டம் நெம்ப ஒரு சிறிய உளி, தேனீயைத் தள்ளிவிட மென்மையான தூரிகை. தேன் பிழியும் இயந்திரம் முதல் ஆண்டு வேண்டாம். எங்கள் பகுதியில் பலர் சேர்ந்து ஒன்று வைத்திருக்கிறார்கள், இரவல் கிடைக்கும்.

தேனீக் குடும்பம் வாங்குவது

ஃபிக்ஹ் கிதாபுகளில் வியாபாரப் பாடத்தில் தேனீயை விற்பது பற்றிய சட்டமே இருக்கிறது. விற்கும் பொருள் இன்னதென்று தெரிய வேண்டும், ஒப்படைக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் பறந்து திரியும் தேனீயிடம் எப்படிப் பொருத்துவது என்று இமாம்கள் விவாதித்திருக்கிறார்கள். மதரஸாவில் அதை ஓதியபோது இது யாருக்குப் பயன்படும் என்று நினைத்தேன். முதல் குடும்பத்தை மூடிய பெட்டியாக வாங்கி, வீட்டில் திறந்து பார்த்து, முட்டையே இல்லை என்று கண்டபோதுதான் அந்தப் பாடம் புரிந்தது. விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. நான் திறந்து காட்டச் சொல்லவில்லை.

எனவே விற்பவரைத் திறக்கச் சொல்லுங்கள். குறைந்தது நான்கு சட்டங்களில் தேனீ நிறைந்திருக்க வேண்டும். அறைகளின் அடியில் அரிசிக் குருணையின் நுனி போல வெள்ளை முட்டை, ஓர் அறைக்கு ஒன்று, தெரிய வேண்டும். முட்டை இருந்தால் ராணி இருக்கிறது; ராணியையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை. ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் ராணி போய் வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடுகின்றன; அதிலிருந்து ஆண் தேனீ மட்டுமே வரும். வாங்காதீர்கள். மூடிய புழு அறைகள் ஓட்டையின்றி ஒரே சீராக இருக்க வேண்டும். புழுக்கள் நீர் நிறைந்த பை போல ஆகி, தலை தூக்கிய நிலையில் செத்துக் கிடந்தால் அது தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய். 1991–92இல் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை அழித்தது அதுதான். எங்கள் மாவட்டத்தில் வாசலில் வரிசையாகப் பெட்டி வைத்திருந்த குடும்பங்கள் காலிப் பெட்டியை விறகாக்கிய கதையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இதற்கு மருந்து கிடையாது. அந்தத் தோட்டத்திலிருந்து எதையும் வாங்க வேண்டாம், சட்டம் இரவலும் வேண்டாம்.

எப்போது வாங்குவது என்பது இடத்தைப் பொறுத்தது. எங்கள் பக்கம் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் தை, மாசி, பங்குனியில்தான் தேன் காலம். ரப்பரில் தேன் பூவிலிருந்தல்ல, இளம் இலையின் காம்புப் பக்கமுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது என்பது புதிதாகக் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆகவே இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வாங்கினால் பெருகி நிற்க நேரம் கிடைக்கும். உங்கள் ஊரில் வேம்பு, புளி, முருங்கை, தென்னை, கொத்தமல்லி, சூரியகாந்தி எது எப்போது பூக்கிறதோ அதற்கு இரண்டு மாதம் முன்னால் வாங்குங்கள். தேன் எடுத்து முடிந்த பிறகு மலிவாக விற்பார்கள். அப்போது வாங்கிய குடும்பம் மழைக்காலப் பட்டினியில் கூட்டை விட்டு ஓடிவிடும். எனக்கு நடந்தது.

எங்கே வைப்பது

இதில்தான் நான் செய்த பெரிய தவறு. காலை வெயில் படும்படி கிழக்கே பார்த்து வைக்கச் சொன்னார்கள் என்று, கிழக்குச் சுவரோரம் வைத்தேன். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சந்து. நான்காம் நாள் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே கொட்டிவிட்டது. முகம் வீங்கிப் போனது. பிள்ளையின் தாத்தா கோபப்படவில்லை. "உங்களுக்குத் தேன், எங்களுக்குக் கொடுக்கா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். அண்டை வீட்டார் உரிமை பற்றி எத்தனை ஜும்ஆவில் பேசியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அன்றிரவே பெட்டியை மாற்றினேன்.

பெட்டி வாசலுக்கு நேரே ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. இடம் குறுகலாக இருந்தால் வாசலுக்கு சில அடி முன்னால் ஆளுயரத்துக்கு ஓலைத் தட்டியோ செடி வேலியோ வையுங்கள். தேனீ மேலெழுந்து தலைக்கு மேல் பறந்து போகும். வாங்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். தேனீ கொட்டினால் மூச்சுத் திணறல் வரும் ஒவ்வாமை சிலருக்கு இருக்கும். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ அப்படி ஒருவர் இருந்தால் கொசுத்தேனீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரையாவது கொட்டி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, மயக்கம் வந்தால் சுண்ணாம்பு தேடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சாதாரணக் கொட்டு என்றால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்தெடுத்து, குளிர்ந்த நீர் வைத்தால் போதும்.

மற்றபடி மதிய வெயிலுக்கு மர நிழல், பக்கத்தில் தண்ணீர், ஸ்டாண்டின் கால்களுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம். இரவில் தெருவிளக்கோ வாசல் பல்போ பெட்டி மீது படக் கூடாது. வெளிச்சத்துக்கு வந்து விழுந்து சாகும். ரமலானில் இரவெல்லாம் வாசல் விளக்கு எரியும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதல் மாதங்கள்

மஃக்ரிபுக்குப் பிறகு, தேனீ எல்லாம் உள்ளே வந்ததும், வாசலை வலையால் அடைத்துக் கொண்டு வாருங்கள். வைத்த இடத்தில் வாசலைத் திறந்துவிட்டு, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகை உள்ளே வையுங்கள். நான்கு நாள் திறக்காதீர்கள். ஆவல் தாங்காமல் தினமும் திறந்து பார்ப்பவர் வீட்டில் தேனீ நிற்காது. அதன்பின் வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய காலையிலோ அஸர் நேரத்திலோ, பத்து நிமிடம் போதும்.

உடை வெளிர் நிறமாக இருக்கட்டும். நம் ஜிப்பாவும் கைலியும் நிறத்துக்குச் சரி, ஆனால் கீழே திறந்திருக்கும். தேனீ உள்ளே ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. பேண்ட் அணிந்து காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அத்தர் கூடவே கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அதே மணத்தோடு பெட்டியைத் திறந்து, ஒரு வாரம் வீங்கிய கையோடு இமாமத் செய்தேன். தேங்காய் நாரைப் பற்றவைத்து வாசலில் இரண்டு மூன்று முறை புகை காட்டி, ஒரு நிமிடம் பொறுத்துத் திறங்கள்.

பார்க்க வேண்டியவை: முட்டை இருக்கிறதா, ஓரச் சட்டங்களில் தேனும் மகரந்தமும் இருக்கிறதா, அடிப்பலகையில் குப்பை சேர்ந்திருக்கிறதா. குப்பையைத் துடைத்தே ஆக வேண்டும். மெழுகு அந்துப்பூச்சி அங்குதான் முட்டையிட்டு, பிறகு அடைக்குள் நூலாம்படை போலப் பின்னிக் குடும்பத்தையே விரட்டிவிடும். தேனீ மூடாத காலி அடை எதுவும் பெட்டிக்குள் இருக்க வேண்டாம். பூ பெருகும் காலத்தில் அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் அறைகள் தெரிந்தால் அவை ராணி அறைகள். பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பப் போகிறது. இரண்டாவது காலிப் பெட்டி இருந்தால் நீங்களே பிரித்து வைத்துவிடலாம். இல்லையென்றால் அடுத்த ஊர் மாமரத்தில் போய்த் தொங்கும்.

மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை பாகு கொடுங்கள். தேன் அறையை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். தேன் காலம் நெருங்கும்போது பாகை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தேன் அறையில் சேருவது சர்க்கரைதான். அதைத் தேன் என்று விற்பது மோசடி. தேனீ தொட்டதால் அது ஹலாலான வியாபாரம் ஆகிவிடாது.

தேன் எடுத்தல்

தேன் அறைச் சட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடி போட்டிருந்தால் எடுக்கலாம். மூடாத தேனில் நீர் அதிகம், புளித்துப் பொங்கும். மூடியைச் சீவி, இயந்திரத்தில் சுற்றி, துணியில் வடித்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். அடுப்பில் நேரடியாகக் காய்ச்ச வேண்டாம். உறைந்தால் கலப்படம் என்று நினைக்காதீர்கள்; சில பூக்களின் தேன் அப்படித்தான், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். தண்ணீரில் விடுவது, எறும்பு வருமா என்று பார்ப்பது போன்ற சோதனைகளையும் நம்ப வேண்டாம். சர்க்கரைப் பாகும் அவற்றில் தேறும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் தேன் வந்த மகிழ்ச்சியில் வீட்டில் பிறந்த குழந்தையின் நாவில் தடவுவார்கள். தஹ்னீக்குக்குப் பேரீச்சம்பழம் கிடைக்காவிட்டால் தேன் என்று ஒரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. சுத்தமான தேனிலும் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி விதை, குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் நச்சை உண்டாக்கும், போட்டுலிசம் என்பார்கள். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும், குழந்தையின் குடல் தாங்காது. வசனத்தில் நிவாரணம் என்று வந்திருக்கிறதே என்று என்னிடமே வாதிட்டார்கள். பேரீச்சம்பழத்திலும் சத்து இருக்கிறது, அதைச் சர்க்கரை நோயாளிக்குக் கிலோ கணக்கில் கொடுப்போமா என்று கேட்டேன்.

ஸகாத் பற்றிக் கேட்கிறார்கள். ஷாஃபி மத்ஹபின் நிலைபெற்ற கருத்துப்படி தேனில் ஸகாத் இல்லை. ஹனஃபி மத்ஹபில் உஷ்ர் நிலத்தில் கிடைத்த தேனில் பத்தில் ஒன்று உண்டு. விற்பனைக்கென்றே வைத்திருந்தால் வியாபாரப் பொருளின் சட்டம் வரும். உங்கள் நிலையைச் சொல்லி உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை ஒருநாள் வகுப்புகள் நடத்துகிறது. கதர் கிராமத் தொழில் ஆணையமும் தோட்டக்கலைத் துறையும் மானியத்தில் பெட்டிகள் தருவதுண்டு. வட்டார அலுவலகத்தில் விசாரியுங்கள். குமரி மாவட்டத்துச் சகோதரர்கள் யாராவது ஒரு வளர்ப்பவரோடு ஒரு தேன் காலம் முழுக்கக் கூடப் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த ஐப்பசியில் வாங்குங்கள்.